முருங்கையின் வெட்டுவாய்

அந்தக் காலத்தில் மரத்துக்கும் மாட்டுக்கும் வாய் இருந்தது. அவை பேசினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க மனிதர்களுக்கும் பொழுது இருந்தது.

அப்போது நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே ஒரு வீட்டில் பாவாத்தாள் என்ற பெண்ணும் அவள் கணவன் அங்கப்பனும் இருந்தார்கள். வீடு ஒரே அறை. வீட்டுக்குப் பின்னால் பதினாறு பாத்தி உள்ள காய்கறித் தோட்டம். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் மாடு கட்டும் கூரை. அதைக் கட்டுத்தரை என்பார்கள். அதில் செவலை என்ற ஒரே பசு.

பாவாத்தாள் கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து நான்கு முருங்கைப் போத்துகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் இரண்டு முழக் குச்சி. நட்டாள், நான்கும் பிழைத்தன. தாய்வீட்டு மரம் என்பதால் நான்கையும் தம்பி என்றே கூப்பிட்டாள். அவையும் அவளை அக்கா என்றன, அங்கப்பனை மச்சான் என்றன. அங்கப்பனும் சளைக்காமல் நான்கையும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டான்.

அந்தக் காலத்து முருங்கை இப்போது இருப்பதுபோல் இல்லை. மரம் வேம்பைப்போலக் கெட்டி. கிளையில் ஆள் ஏறிக் குதித்தாலும் ஒடியாது. ஒடியாததுதான் அதற்கு வினையாக இருந்தது. காற்று பலமாக வந்தால் வளையவும் தெரியாது, ஒடியவும் தெரியாது. நின்ற நிலையில் வேரோடு சாய்ந்துவிடும். அதனால் ஐப்பசியில், மழைக்காற்று வருவதற்கு முன், தலையை வெட்டிவிட வேண்டும்.

வெட்டினால் இன்னொரு வினை. வெளியே கெட்டியாக இருந்தாலும் மரத்தின் நடுவில் வெறும் பஞ்சு. வெட்டிய இடத்தில் மழைநீர் இறங்கிப் பஞ்சு அழுகும். தை பிறக்கிற சமயத்தில் மரம் நின்றபடியே செத்துப்போகும்.

பாவாத்தாளுக்கு இது முதலில் தெரியாது. முதல் ஐப்பசியில் மூத்த தம்பியை வெட்டினாள். மார்கழி பதினெட்டாம் நாள் அவன் பேச்சு நின்றது. அடுத்த ஐப்பசியில், ஆழமாக வெட்டியதுதான் தவறு என்று நினைத்து, இரண்டாவது தம்பியைச் சற்று மேலே வெட்டினாள். அவன் மார்கழி இருபத்தொன்றுவரை பேசினான். மூன்றாவது ஐப்பசியில் சாய்வாக வெட்டிப் பார்த்தாள். மூன்றாமவன் தை இரண்டாம் நாள்வரை இருந்தான். மொத்தம் பதின்மூன்று நாள் கூடுதல், அவ்வளவுதான் லாபம்.

கடைசித் தம்பி இதையெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பாவாத்தாள் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"உன்ற வாயால சரின்னு சொல்லாம உன்ற மேல அருவா வெக்க மாட்டன் கண்ணு. இது சத்தியம்."

"நானா சரின்னு சொல்லப்போறன்?" என்றான் தம்பி.

அதன்பிறகு நான்கு வருடம் அவன்மேல் இரும்பு படவில்லை. தழையைக் கையால் உருவினால் ஒன்றும் சொல்லமாட்டான். தினமும் இரண்டு கை அணைப்புத் தழையைச் செவலைக்கு அவனே தாழ்த்திக் கொடுப்பான். அரிவாளைக் கண்டால்தான் உச்சிவரை நடுங்குவான். இப்போது அவன் உயரம் இருபத்திரண்டு முழம். அவனுக்கும் கட்டுத்தரைக்கும் நடுவில் ஒன்பது முழம்தான். கொஞ்சம் மேற்குப் பக்கம் சாய்ந்து வேறு வளர்ந்திருந்தான்.

ஐப்பசி பிறந்தால் தோட்டத்தில் பாவாத்தாளுக்கு ஒன்பது வேலை. அந்த வருடமும் முதல் நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாத்திகளில் தண்ணீர் தேங்காமல் ஓட நான்கு பக்கமும் வடிகால் வெட்டினாள். வெட்டும்போது மண்புழுக்களெல்லாம், "இங்க ஒருத்தன் இருக்கறன், பாத்து, பாத்து!" என்று கத்திக்கொண்டே இருந்தன. அதனால் அந்த ஒரு வேலைக்கே மூன்று நாள் ஆனது.

பிறகு வாழைக்கு மண் அணைத்து, குலை தள்ளிய இரண்டு மரத்துக்கும் கவட்டைக் கழியால் முட்டுக் கொடுத்தாள். "சித்த மெதுவா அக்கா, கழுத்து வலிக்குது," என்றது வாழை. மஞ்சளுக்கும் மண் அணைத்தாள். காய்ப்பு ஓய்ந்த வெண்டைச் செடிகளைப் பிடுங்கினாள். அந்தக் கிழங்கள், "எங்களுக்கென்ன, போகவேண்டிய வயசுதான்," என்று கையோடு வந்துவிட்டன. அந்தப் பாத்தி, முருங்கைக்குக் கிழக்கே, வெறும் மண்ணாகக் கிடந்தது.

அவரைப் பந்தலின் கால்களை ஆட்டிப் பார்த்து, இற்றுப்போன கயிறுகளை மாற்றினாள். மாற்றினவை பதினொன்று. அவரை இலையாக வளர்ந்து கிடந்தது. ஒரு பூ இல்லை. பாவாத்தாள் இலையைக் கிள்ளக் கிள்ளக் கொடி நெளிந்தது.

"கூசுது அக்கா, விடு!"

"கூசட்டும். ஆடியில நட்ட உனக்கு இன்னும் பூக்கத் தெரியல. பந்தலுக்குப் பாரமா படுத்திருக்கற."

"கார்த்திகை பொறக்கட்டும் அக்கா. அப்பறம் கூடை பத்தாது பாரு."

பூசணிக்காய்கள் ஈர மண்ணில் அழுகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் வைக்கோலைச் சும்மாடுபோலச் சுற்றி அடியில் வைத்தாள். பூசணிகள் விழிக்கவே இல்லை. ஒன்று மட்டும் தூக்கத்தில் "ம்" என்றது. விதைக்கு விட்ட மூன்று சுரைக்காய்களை அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டாள். கத்தரிச் செடிகளுக்குக் குச்சி ஊன்றினாள். ஐப்பசி இருபதாம் நாள் எட்டு வேலையும் முடிந்தது.

ஒன்பதாவது வேலைக்கு அவள் போகவில்லை. தம்பி நின்ற பக்கம் சும்மா போனதற்கே அவன் கூச்சல் போட்டான்.

"அக்கா வர்றா! அருவாளோட வர்றா!"

"வெறுங்கையோடதான் வர்றன் சாமி."

"இடுப்புல சொருகியிருக்கறது என்ன?"

"வாழைச் சருகு அறுத்தது. கத்தாத, அக்கம்பக்கம் என்ன நெனைக்கும்?"

அங்கப்பன் சிரித்துக்கொண்டே வந்தான். "ஏன் மாப்பிள்ள, தலமுடியக் கொஞ்சம் வெட்டிக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு? நானுந்தான் வெட்டிக்கறன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"உங்க தலைக்குள்ள தண்ணி எறங்காதுங்க மச்சான். முழுக்கக் கெட்டி."

பாவாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அங்கப்பன் தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, மனைவியைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"இங்க பாரு புள்ள. போன வருஷக் காத்துக்கே அவன்ற கெழக்குப் பக்க வேரு ரெண்டு வெரக்கடை தூக்கிருச்சு. இந்த வருஷம் சாஞ்சான்னா நேரா கட்டுத்தரை மேலதான். செவலை செனையா இருக்கறா. கணக்குச் சொல்லு, எப்ப ஈனுவா?"

"தை இருவத்தஞ்சுல காளை சேந்தது. ஒம்பது மாசம் பத்து நாளுன்னா கார்த்திகை அஞ்சு."

"காத்து வர்ற நேரம் அதுதான."

"தெரியுமுங்க."

"அப்ப வெட்டீறலாம்."

"வெட்டுனா அழுகிப் போவானுங்க. மூணு பேர நானே வெட்டிக் கொன்னுபோட்டன். நாலாவதும் எங்கையாலயா?"

வெட்டினால் தம்பி சாவான். வெட்டாவிட்டால் அவன் விழுந்து செவலையும் கன்றும் சாகும். இரண்டில் எதுவும் நடக்காமல் இருக்க ஒரே வழி, செவலையை வேறு இடத்தில் கட்டுவது. வீட்டுக்குள் இருந்த சோள மூட்டைகளை ஒதுக்கி ஒரு மாடு படுக்கும் அளவுக்கு இடம் செய்தார்கள். ஆனால் செவலை அசையவில்லை. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நாலு ஈத்தும் இந்த எடத்துலதான் ஈன்னன். அஞ்சாவதும் இங்கதான். உங்க அடுப்புப் பொகையில என்ற கன்னு கண்ணு முழிக்கோணுமா?"

"நெட்டையன் உம்மேல விழுந்துருவான் தாயி," என்று பாவாத்தாள் கெஞ்சினாள்.

"அவனப் போகச் சொல்லு."

"அவனுக்குக் காலு இல்லையே."

"எனக்கு மனசு இல்ல," என்றாள் செவலை. அதோடு பேச்சு முடிந்தது.

செவலைக்கும் முருங்கைக்கும் ஆகவே ஆகாது. அவன் தழையைத் தின்பாள். தின்றுகொண்டே அவனைத் திட்டுவாள். அவனும் சும்மா இருக்கமாட்டான்.

"ஏ சாணிக்காரி! வாலத் தூக்கறதுக்கு முன்னால ஒரு கொரல் குடு. நான் மூஞ்சியத் திருப்பிக்கறன்."

"மூஞ்சி எங்கடா இருக்குது உனக்கு? அடியிலிருந்து உச்சி வரைக்கும் கம்பளிப்பூச்சிதான் தெரியுது."

"மழைக்காலத்துக்குக் கம்பளி போத்தியிருக்கறன். ஊரே என்ற காயக் கொழம்பு வெச்சுத் திங்குது. உன்ற கிட்டயிருந்து விழறத ஒருத்தன் தொடுவானா?"

அவன் சொன்னதும் பொய் இல்லை. அந்தக் காலத்தில் சாணியைக் கூட்டித் தள்ளுவார்களே தவிர, அதைக் கையில் எடுக்கும் வழக்கம் யாருக்கும் வந்திருக்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. முதல் நாள் தூறல். இரண்டாம் நாள் வெயில். மூன்றாம் நாள் உச்சிப்பொழுது சாய்ந்து இரண்டு நாழிகை இருக்கும், கிழக்கே வானம் கறுத்தது. காற்று முதலில் வாழையை எழுப்பியது. பிறகு பந்தலைத் தட்டிப் பார்த்தது. பதினொரு புதுக் கயிறும் தாங்கின. வடிகாலில் தண்ணீர் ஓடியது. எட்டு வேலையும் எட்டு இடத்தில் நின்று பிடித்தன. ஒன்பதாவது இடத்தில் மட்டும் தம்பி தன் இருபத்திரண்டு முழத்தையும் விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றான்.

அதே நேரத்தில் கட்டுத்தரையிலிருந்து செவலையின் குரல் கேட்டது. ஒன்பது மாதம் எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பாவாத்தாளின் கணக்குக்கு இரண்டு நாள் முன்னதாகவே அவளுக்கு வலி வந்துவிட்டது.

அங்கப்பன் கிணற்றுக் கயிற்றை எடுத்து ஓடினான். ஏணி வைத்து ஏறி, மரத்தின் பாதி உயரத்தில் கயிற்றைக் கட்டி, கிழக்குப் பக்கம் வந்து வெண்டை பிடுங்கிய வெறும் பாத்தியில் காலை ஊன்றி இழுத்துப் பிடித்தான். காற்று மேற்கே தள்ளியது. அவன் கிழக்கே இழுத்தான். மரத்தடியில் மண் பிளந்தது. வேர் ஒரு சாண் மேலே வந்தது.

பாவாத்தாள் கையில் அரிவாளோடு மரத்தடியில் நின்றாள். இரண்டு பேரின் மூச்சும் அவளுக்குக் கேட்டது, கயிற்றில் ஒன்று, கட்டுத்தரையில் ஒன்று. கொடுத்த வாக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"புள்ள!" என்று அங்கப்பன் கத்தினான். "ரொம்ப நேரம் தாங்காது!"

அவள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். வெட்டட்டுமா என்று கேட்கவில்லை. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

தம்பி அவளைப் பார்க்காமல் கட்டுத்தரைப் பக்கம் குரல் கொடுத்தான். "ஏ சாணிக்காரி! எந்திரிச்சு வெளிய போ! சீக்கிரம்!"

"முடியலடா நெட்டையா," என்றாள் செவலை. அவள் குரலில் திட்டு இல்லை. "கன்னோட முன்னங்குளம்பு ரெண்டும் வெளிய வந்திருச்சு. இப்ப எந்திரிக்க முடியாது."

காற்று இன்னொரு முறை தள்ளியது. வேர் இன்னும் நான்கு விரல் மேலே வந்தது. தம்பி தான் சாய்ந்தால் விழப்போகிற இடத்தைப் பார்த்தான். அது நேராகக் கட்டுத்தரைக் கூரையின் நடுவில் இருந்தது.

"அக்கா," என்றான்.

"சொல்லு கண்ணு."

"சரி."

பாவாத்தாள் ஏணியில் ஏறினாள். முதல் கிளைக்குப் பதினோரு வெட்டு ஆனது. மரம் அவ்வளவு கெட்டி. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன், "ம்... ம்..." என்று பல்லைக் கடித்தான். இரண்டாவது கிளைக்கு ஏழு வெட்டு. மூன்றாவதற்கு நான்கு. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அரிவாள் கூராகவில்லை. தம்பிதான் இறுக்கிப் பிடித்ததை விட்டுக்கொண்டிருந்தான். நான்காவது கிளையிலிருந்து ஒரே வெட்டு. பத்தாவது கிளைமேல் அவள் கையை ஊன்றியபோது அது தானாகவே 'மளுக்' என்று ஒடிந்து விழுந்தது. மொத்தம் பன்னிரண்டு கிளை.

பிறகு இறங்கி வந்து, தன் மார்பளவு உயரத்தில் அடிமரத்தை வெட்டினாள். அதுவும் ஒரே வெட்டுத்தான். அங்கப்பன் இழுத்த இழுப்பில் மரம் கிழக்கே, வெண்டை இருந்த வெறும் பாத்தியில், யார்மேலும் படாமல் விழுந்தது. பாரம் போனதும் தூக்கியிருந்த வேர் மெல்ல மண்ணுக்குள் உட்கார்ந்தது. பாவாத்தாள் சுற்றிலும் மிதித்து மண்ணை இறுக்கினாள்.

கட்டுத்தரையில் ஒரு சின்னக் குரல், "ம்மா" என்றது.

"என்ன கன்னு?" என்று யாரோ கேட்டார்கள். பாவாத்தாள் திரும்பிப் பார்த்தாள். தம்பிதான். வெட்டிய இடத்திலிருந்து பேசினான். மரத்துக்கு உச்சியில்தான் வாய். உச்சி போனதால், வெட்டுப்பட்ட இடம் அவனுக்கு வாயாகிவிட்டது. ஒரு சாண் அகலத்தில் வெள்ளையாக, வட்டமாக இருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"கெடேரி," என்றாள் செவலை. "நெத்தியில வெள்ளை."

"நல்லது," என்றான் தம்பி.

அப்போதுதான் மழை இறங்கியது.

வெட்டுவாயில் முதல் துளி விழுந்ததும் தம்பி சிலிர்த்தான். பாவாத்தாள் ஓடிப்போய் வாழை இலையை அறுத்து வந்து மூடினாள். காற்று அதை மூன்று பாத்தி தாண்டி வீசியது. இன்னொன்று வைத்துக் கட்டினாள். அது கிழிந்து நாராகியது. மண்ணைக் குழைத்து அப்பினாள். மழை அதைக் கரைத்து அவள் காலடியிலேயே கொண்டுவந்து விட்டது. குழம்புச் சட்டியைக் கவிழ்த்தாள். சட்டி உருண்டு விழுந்து உடைந்தது. கடைசியில் தன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வெட்டுவாயின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எத்தன நேரம் இப்படி நிப்ப?" என்று அங்கப்பன் கயிற்றடியிலிருந்தே கேட்டான்.

"மழை நிக்கற மட்டும்."

"கார்த்திகை முடிய இருவத்தேழு நாளு இருக்குது புள்ள."

"மார்கழியையும் சேத்துச் சொல்லுங்க," என்றாள். அவளுடைய கண்ணீரும் வெட்டுவாயில்தான் விழுந்தது. அதையும் அவள் துடைத்தாள், ஈரம் ஆகாது என்று.

"கைய எடு அக்கா," என்றான் தம்பி. "உன்ற விரலுச் சந்துல தண்ணி எறங்குது. தெரியுது எனக்கு. பெரியண்ணன் மார்கழி பதினெட்டு வரைக்கும் இருந்தான்ல? நானும் அது மட்டும் இருப்பன்."

"பேசாத. நீ பேசாத."

கட்டுத்தரையில் கன்றை நக்கிக்கொண்டிருந்த செவலை தலையை நிமிர்த்தினாள். கூரையின் ஓரத்தில், மழை சாய்ந்து அடிக்கும் இடத்தில், அவள் காலையில் போட்ட சாணி கிடந்தது. அவ்வளவு மழையும் அதன்மேல் விழுந்து, உள்ளே போகாமல் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மிணி," என்று கூப்பிட்டாள். "எங்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. ஆனா தொரைக்கு நாத்தம் புடிக்காது."

பாவாத்தாள் செவலையின் கண் போன இடத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். யாரும் தொடாத அந்தப் பொருளைத் தொட ஒரு கணம் கூசினாள். அந்த ஒரு கணம்தான். பிறகு இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். வைக்கோல் துண்டு சேர்த்துப் பிசைந்து, பூசணிக்காய்ப் பிஞ்சு அளவு உருண்டையாக்கிக் கொண்டுவந்து தம்பியின் முன்னால் நின்றாள்.

நான்கு வருடம் அவன் சொன்ன கேலியெல்லாம் அவனுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். கடைசியில், "செவலை," என்றான். சாணிக்காரி என்று சொல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நேத்து என்ன தின்ன?"

"உன்ற தழதான். வேற என்ன கெடைக்குது எனக்கு?"

"ரெண்டு அணைப்புமா?"

"ரெண்டும்."

"அப்ப அது என்னோடதுதான்," என்றான் தம்பி. "வெய்யி அக்கா."

பாவாத்தாள் உருண்டையை வெட்டுவாய்க்கு மேலே கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது.

"மூடிப்போட்டா நீ எப்படிப் பேசுவ?"

"பேச முடியாது."

"தளிரு வந்தாப் பேசுவயில்ல?"

"தெரியலக்கா. இதுக்கு முன்னால யாரும் வந்து சொன்னதில்லையே. ஒண்ணு சொல்லிப்போடறன். வருஷா வருஷம் எங்கிட்டக் கேட்டு நிக்காத. கேக்க உனக்கு வாயே வரமாட்டீங்குது, நான் பாத்தன். இன்னைக்குச் சொன்ன சரி எல்லா ஐப்பசிக்கும் சேத்துத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். உருண்டையை வைத்து, குல்லாய்போல ஓரமெல்லாம் இழுத்து அப்ப ஆரம்பித்தாள். பாதி மூடியபோது உள்ளேயிருந்து, "அக்கா, அக்கா, இன்னொண்ணு," என்று குரல் வந்தது. அவள் காதை வைத்தாள்.

"மச்சான்கிட்டக் கயித்த விடச் சொல்லு. மரம் விழுந்து எத்தன நேரமாச்சு."

பாவாத்தாள் திரும்பினாள். அங்கப்பன் இன்னும் வெண்டைப் பாத்தியில் காலை ஊன்றி, கீழே விழுந்து கிடந்த மரத்தைக் கயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான். அவள் அழுகையும் சிரிப்புமாக மிச்சத்தை மூடினாள்.

அதன்பின் குரல் இல்லை.

மழை இருபத்திரண்டு நாள் பெய்தது. அவள் தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்தாள். சாணிக் குல்லாய் கறுத்து இறுகியது. தண்ணீர் அதன்மேல் விழுந்து வழிந்தது. மார்கழி பதினெட்டு வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. அடிமரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சையாக இருந்தது. இருபத்தொன்றும் போனது. தை இரண்டும் போனது. தை பதினொன்றாம் நாள் காலை, குல்லாய்க்குக் கீழே பட்டையைக் கிழித்துக்கொண்டு ஐந்து தளிர் நின்றன.

அவள் ஐந்திலும் காதை வைத்துக் கேட்டாள். இலை அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. அதில் சொல் எதுவும் இல்லை. நெடுநேரம் நின்றாள்.

"ஏனுங்க," என்று கடைசியில் கணவனைக் கூப்பிட்டாள், "தம்பி இருக்கறான். பேச்சுத்தான் இல்ல."

"பேசுன மட்டும் போதும்," என்றான் அங்கப்பன். "எனக்கு நாலு வருஷத்துக்குச் சேத்துச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கறான்." சொல்லிவிட்டு அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பங்குனியில் அவன் பூத்தான். சித்திரையில் காய்த்தான். எண்ணினாள்: இருநூற்றுப் பதினான்கு காய். முன்பு எந்த வருடமும் நூறைத் தாண்டியதில்லை. தளிர்த்த தழையில் முதல் அணைப்பைச் செவலைக்குக் கொண்டுபோனாள். செவலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தான் தின்னாமல் நெற்றியில் வெள்ளை உள்ள கன்றுக்கு ஒதுக்கிவிட்டாள். "உன்ற மாமன் குடுத்தது, தின்னு," என்றாள்.

அடுத்த ஐப்பசி வந்தது. வடிகால், வாழை, மஞ்சள், பந்தல் என்று எட்டு வேலையும் முடிந்தது. அவரைக்கொடி இந்த வருடமும் கார்த்திகை பிறக்கட்டும் என்றது. ஒன்பதாவது வேலைக்குப் பாவாத்தாள் வலது கையில் அரிவாளும் இடது கையில் சாணி உருண்டையுமாகப் போய் நின்றாள். கேட்க வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான். ஆனாலும் பழக்கத்தில், "தம்பி," என்று கூப்பிட்டு அவன் கிளையில் கையை வைத்தாள்.

அரிவாளை ஓங்கவே இல்லை. கிளை 'மளுக்' என்று ஒடிந்து அவள் கையில் வந்தது.

"மாப்பிள்ள அவசரக்காரன்," என்றான் பின்னால் நின்ற அங்கப்பன்.

அன்று முதல்தான் முருங்கை மரம், தொட்டால் ஒடிகிற மரமாக ஆனது. அன்று சொன்ன ஒரு சரியை அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்று முதல்தான் மரத்தில் வெட்டுப்பட்ட இடத்துக்கு வெட்டுவாய் என்று பெயர். மழைக்கு முன் முருங்கையை வெட்டுகிறவர்கள், அரிவாளைக் கீழே வைத்த கையோடு, அந்த வாயின்மேல் ஒரு சாணி உருண்டையை வைத்து, ஓரமெல்லாம் இழுத்து மூடுகிறார்கள். மூடுவதற்கு முன் ஒரு கணம் கை நிற்கும், இன்னொன்று சொல்ல இருக்கிறதோ என்று.